தகவல் போகுது, பதில்தான் வரமாட்டேங்குது

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மீன்பிடி தடைக்காலம் ரெண்டு இருக்கு. வெளியூர்க்காரங்க கிட்ட சொன்னா முதல்ல நம்பமாட்டாங்க. கன்னியாகுமரிக்கு அந்தப்பக்கம் சின்னமுட்டத்துல விசைப்படகுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், அது கிழக்குக் கடற்கரை கணக்கு. இந்தப்பக்கம் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், அது மேற்குக் கடற்கரை கணக்கு. ரெண்டும் 61 நாள்தான். ஜூன் மாசம் முதல் ரெண்டு வாரம் மட்டும் ரெண்டு பக்கமும் சேந்து மூடிக் கெடக்கும், மத்த நாள்ல ஒண்ணு மூடுனா ஒண்ணு தொறந்திருக்கும். ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள்ள ரெண்டு காலண்டர்.

இவ்வளவு சிக்கலா இருந்தும் இதுல பெரிய குழப்பம் நான் பாத்ததில்ல. ஐஸ் பிளான்ட்காரனுக்கு தெரியும், டீசல் பங்க்ல தெரியும், ஏலக்காரருக்கு தெரியும், கேரளாவுக்கு மீன் ஏத்துற லாரிக்காரனுக்கு தெரியும், மீன்வளத்துறைக்கும் தெரியும். எப்ப மூடணும், யாரு மூடணும், எது மூடணும்னு எழுதி வச்சிருக்கு, வருஷா வருஷம் அதே தேதி. அந்த விதிமேல கோபம் உள்ளவங்க நெறைய பேர் உண்டு, மீன் முட்டையிடுற காலமே இது இல்லன்னு வாதாடுறவங்களும் உண்டு, அது தனியா பேச வேண்டிய விஷயம். ஆனா விதி என்னன்னு யாருக்கும் சந்தேகம் இல்ல.

நான் ரொம்ப வருஷமா மீனவர் சங்கங்களோட சேந்து வேலை பாக்குற ஆள். சங்கம், கூட்டமைப்பு, மீன்வளத்துறை, வங்கி, பங்குக் கோயில், காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்கு வாறவங்க, தொண்டு நிறுவனம், இப்படி நாலஞ்சு அமைப்பு ஒரே மேசையில உக்காருற கூட்டம் நெறைய பாத்தாச்சு. அதுல எனக்கு ஒண்ணு திரும்பத் திரும்ப உறுத்துது. சேந்து வேலை செய்யணும்னு ஒப்பந்தம் போடும்போது பணம் யாரு தாறது, போர்டுல யாரு பேர் முதல்ல வாறது, கணக்கு யாருக்கு காட்டுறது, இதெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறோம். ஒருத்தருக்குத் தெரிஞ்சத இன்னொருத்தருக்கு எப்ப சொல்லணும், கேட்டவங்க எத்தன நாளுக்குள்ள பதில் சொல்லணும், சொன்னவனுக்கு அதனால கேடு வராம யாரு பாத்துக்கறது, இத மட்டும் எழுதறதே இல்ல. அது தானா நடக்கும்னு விட்டுடறோம். தானா நடக்கல. நடக்காததுனால எங்க கரையில உயிர் போயிருக்கு.

ஒக்கி புயல சொல்லாம இத சொல்ல முடியாது. 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்கு பக்கத்துல தாழ்வு மண்டலமா இருந்தது, மறுநாள் 30ஆம் தேதி காலையிலேயே குமரிக்கடல்ல புயலாயிடுச்சு. இவ்வளவு வேகமா ஒரு புயல் கரைக்கு இவ்வளவு பக்கத்துல உருவாகும்னு எங்க பெரியவங்களே எதிர்பாக்கல. கரைக்கடல் தொழிலுக்கு போனவங்க முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல கெளம்பிட்டாங்க. ஆழ்கடல்காரங்க நிலைமை வேற, அவங்க போயி பல நாள் ஆச்சு, எச்சரிக்கை எத்தன மணிக்கு வந்திருந்தாலும் அவங்களுக்கு அத கொண்டு சேக்க வழியே இல்ல. படகுல இருந்த விஎச்எஃப் வயர்லெஸ் செட்டு கொஞ்ச தூரந்தான் எட்டும், அவங்க நிக்கறது அதுக்கு ரொம்ப அப்பால. எச்சரிக்கை எப்ப குடுத்தோம், எப்ப கிடைச்சதுன்னு கேரள அரசுக்கும் வானிலைத் துறைக்கும் அப்பவே வாக்குவாதம் நடந்துச்சு. அந்த வாக்குவாதத்துல யாரு சரிங்கறத விட, ஒரு அமைப்பு 'அனுப்பிட்டேன்'னும் இன்னொரு அமைப்பு 'எனக்கு அப்படி வரல'ன்னும் சொல்ல முடிஞ்சதுதான் எனக்கு பெருசா படுது. வந்து சேந்துச்சுன்னு திருப்பிச் சொல்ற கட்டாயம் இருந்திருந்தா அந்தப் பேச்சுக்கே எடமில்ல.

அதுக்கப்புறம் வந்த நாட்கள் இன்னும் கொடுமை. காணாமப் போனவங்க யாரு யாருன்னு ஒரு லிஸ்ட் வேணும். தூத்தூர் பக்கத்து எட்டு ஊர எடுத்துக்கோங்க. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. அரசாங்கம் தமிழ்நாடு, கோயில் காரியம் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம், தொழில் பாதிப்பேருக்கு கொச்சி தோப்பும்படி துறைமுகத்துல இருந்து. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்க தமிழ்நாட்டோட சேந்தாலும் கடலுக்கும் கோயிலுக்கும் அந்தக் கோடு தெரியாது. அப்ப ஒரு பையன் காணாமப் போனா அவன் பேரு பங்குக் கோயில்ல ஒரு லிஸ்ட்ல இருக்கும், மீன்வளத்துறை லிஸ்ட்ல இருக்கலாம் இல்லாம இருக்கலாம், கேரளா பக்கத்து லிஸ்ட்ல வேற எழுத்துல இருக்கும். ஒருத்தன் வீட்டுப்பேரு எழுதியிருப்பான், இன்னொருத்தன் அப்பன் பேரு எழுதியிருப்பான், மூணாவது லிஸ்ட்ல படகு பேரு மட்டும். இந்த லிஸ்டுகளை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்க பொதுவா ஒரு கட்டம் கிடையாது. வீடு வீடா ஏறி எறங்கி சரியா எழுதுனது கோயில் கமிட்டி பிள்ளைங்கதான், ஆனா ஆபீஸ்ல அது 'அதிகாரபூர்வம் இல்ல'. குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல சனம் தண்டவாளத்துல உக்காந்தது நிவாரணத்துக்கு மட்டும்னு வெளிய நெனைக்கறாங்க. எங்க ஆளுங்கள தேடுங்க, நாங்க சொல்ற இடத்துல தேடுங்க, எங்களையும் கூட கூட்டிட்டுப் போங்கன்னுதான் முதல் கோரிக்கை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப்பக்கம் இழுக்கும், அடிச்ச காத்துக்கு கவிழ்ந்த வள்ளம் எங்க போயி நிக்கும்னு கடல்ல இருந்து தப்பி வந்தவனுக்குத் தெரியும், கப்பல் வச்சிருக்கவங்க அவன் கிட்ட கேக்க ஒரு நடைமுறையே இல்ல.

ஒரு வயசானவர், முட்டம் பக்கம், அந்த சமயத்துல என்கிட்ட சொன்னாரு. "மக்களே, அவனுக்க கிட்ட கப்பல் உண்டு, எனக்க கிட்ட கடல் உண்டு, ரெண்டையும் சேத்து வைக்க ஒருத்தனும் இல்லியே." இதுக்கு மேல நான் என்ன எழுதினாலும் அதுக்கு விளக்கவுரைதான்.

இது முடியாத காரியம் இல்ல, ஏற்கனவே செஞ்சு காட்டியிருக்காங்க. 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி பக்கத்து கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க. வீராம்பட்டினத்துல அமெரிக்க கடற்படையோட இணையதளத்துல இருந்து அலை உயரத்த எடுத்து, தமிழ்ல ஒலிபெருக்கியில தினமும் வாசிச்சாங்க. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூர்ல வேலை பாத்த ஒரு ஊர்ப்பையன் போன் பண்ணி கடல் வருதுன்னு சொன்னப்ப, ஊர்ல அதே மாதிரி ஒரு மையம் இருந்துச்சு, அதுல மைக் இருந்துச்சு, அந்த மைக்ல கடல் சமாச்சாரம் வந்தா நம்பலாம்ங்கற பழக்கம் இருந்துச்சு. சனம் எந்திரிச்சு ஓடிடுச்சு. அதே காலையில குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில நாங்க இழந்தத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. எங்ககிட்டயும் மைக் இருந்துச்சு, ஒவ்வொரு கடற்கரை கோயில்லயும் இருக்கு. அந்த மைக் வரைக்கும் செய்தி வாற வழிதான் இல்ல. சுனாமிக்குப் பிறகு 2007ல ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு சொல்ற மத்திய அரசோட கடல் தகவல் மையத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்தாச்சு, ஹைதராபாத் வரைக்கும் பிரச்சனை தீந்துச்சு. ஹைதராபாத்ல இருந்து கோயில் மைக் வரைக்கும் உள்ள கடைசித் துண்டுதான் எப்பவும் தொங்குது.

நல்ல உதாரணம் எங்க ஊர்லயே இருக்கு, அதையும் சொல்லணும். மீனவர் சங்கம் ஏலம் போடுற முறை. முன்னால என்ன நடக்கும்னா, வள்ளம் வலை வாங்க வியாபாரி கடன் குடுப்பான், அதுக்கு பதிலா புடிக்கிற மீனெல்லாம் அவன் சொல்ற வெலைக்கு அவனுக்கே போகணும். கடன் தீரவே தீராது. இத ஒடைக்க ஊருக்கு ஊரு சங்கம், அதுக்கு மேல மாவட்ட கூட்டமைப்பு, அதுக்கு மேல தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ்னு சொல்லுவோம், 1980ல திருவனந்தபுரத்த தலைமையிடமா வச்சு ஆரம்பிச்சது. மூணு அடுக்கு. மீன சங்கம் கடற்கரையில ஏலம் விடும், வியாபாரி கிட்ட பணம் வாங்கற பொறுப்பு சங்கத்துக்கு, வித்த பணத்துல கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு புடிச்சுட்டு மிச்சம் மீனவன் கையில.

இதுல அழகு என்னன்னா விதியும் விவரமும் ஒண்ணா பின்னியிருக்கு. மீன சங்கம் மூலமா வித்தாத்தான் சங்கத்துல கடன், அது விதி. அந்த விதியினால ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வள்ளமும் எவ்வளவுக்கு வித்துச்சுங்கற கணக்கு தானா சேருது. வங்கிக்காரன் கடற்கரைக்கு வந்து நின்னாலும் ஒரு மீனவன் மாசம் என்ன சம்பாதிக்கறான்னு அவனுக்கு தெரியாது, சங்கத்து பேரேட்டப் பாத்தா தெரியும். அப்ப வங்கி சங்கத்த நம்பி கடன் குடுக்குது. மீனவனும் தன் வருமானத்த மறைக்க வேண்டிய அவசியம் இல்ல, ஏன்னா மீன் கொறஞ்ச நாள்ல தவணையும் கொறயுது, அதே கணக்குதான் அவனுக்கு காவல். பாஸ்புக்குல எழுதி அவன் கையிலயே குடுக்கறாங்க. விவரம் குடுத்தவனுக்கு விவரம் திரும்பி வருது, அன்னைக்கே வருது. எல்லா சங்கமும் நல்லா நடக்குதுன்னு நான் சொல்லல, படுத்துப்போனதும் உண்டு. ஆனா அமைப்பு அமைப்பா கைகோக்கும்போது எப்படி இருக்கணும்ங்கறதுக்கு நான் இதுக்கு மேல ஒண்ணு பாத்ததில்ல.

முட்டத்து ஒட்டுப்பலகை வள்ளமும் அப்படித்தான். கட்டுமரத்துக்கு மரம் கெடைக்கறது கஷ்டமாயிட்டு வந்த காலம், கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்துல வச்சிருந்த படகு கட்டுற எடத்துல பெல்ஜியம் நாட்டு பொறியாளர் பியர் கில்லே மரைன் பிளைவுட்ல வள்ளம் செஞ்சு பாத்தாரு. அவருக்கு பலகையும் பசையும் தெரியும், அலை ஒடையிற எடத்துல வள்ளத்த எப்படி எறக்கணும்னு மீனவனுக்குத்தான் தெரியும். செஞ்சு, கடல்ல எறக்கி, குறை கேட்டு, திரும்ப மாத்தி, அப்படியே அது எங்க கரையோட பொருளாச்சு. 1953ல கொல்லம் நீண்டகரையில ஆரம்பிச்ச இந்தோ நார்வே திட்டத்தையும் இதோட சேத்து நெனச்சுப் பாப்பேன். அது நாட்டுக்கு நாடு போட்ட ஒப்பந்தம், பணம் பெருசு, ஆனா அதுல இருந்து வளர்ந்தது விசைப்படகும் இறால் ஏற்றுமதியும். கட்டுமரக்காரனுக்கு அதுல இருந்து வந்து சேந்தது வலையறுப்பும் சண்டையும்தான். அந்தச் சண்டையோட தொடர்ச்சியாத்தான் தமிழ்நாடு 1983ல கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு கரையில இருந்து 3 கடல்மைல நாட்டுப்படகுக்குன்னு ஒதுக்குச்சு.

இப்ப எல்லாத்தையும் விட எனக்கு மனசுக்கு பக்கத்துல உள்ள விஷயத்துக்கு வாறேன். பார். கடலுக்கடியில இருக்கற பாறைத் திட்டு, மீன் கூடுற எடம். அந்தக் காலத்துல மருந்துவாழ்மலை உச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்ல வச்சு, இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளத்த நேர்ல வச்சு, ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல தூண்டில் எறக்குவாங்க. எத்தன பாகம் ஆழம், அடியில சேறா மணலா, எந்த மாசம் என்ன மீன், எல்லாம் மனசுல. அத மகனுக்குச் சொல்லுவாங்க, மருமகனுக்கு சொல்றதுக்கே யோசிப்பாங்க. இப்ப ஜிபிஎஸ் வந்தாச்சு, ஒவ்வொருத்தன் மெஷின்லயும் அவன் புள்ளி இருக்கு, அது அவன் சொத்து.

இந்த புள்ளிகளை கேட்டு வாறவங்க நெறைய. பல்லுயிர் ஆய்வுன்னு வருவாங்க, செயற்கைப் பார் போட வருவாங்க, வரைபடம் போட வருவாங்க. நோக்கம் நல்லதுதான், நான் மறுக்கல. ஒரு தடவ ஒரு அமைப்பு எங்க பக்கத்து ஊர் ஒண்ணுல வந்து பெரியவங்கள படகுல கூட்டிட்டுப்போயி எடமெல்லாம் குறிச்சுட்டுப் போனாங்க. அறிக்கை வரும்னாங்க. ஊருக்கு ஒரு பிரதியும் வரல. வரைபடம் எங்க இருக்கு, யாரு கையில இருக்குன்னு கேட்டா ஒருத்தர் மாறிப் போயிட்டாரு, இன்னொருத்தருக்கு தெரியாது. அடுத்த சீசன்ல அந்தப் பக்கம் இழுவைப்படகு மேய ஆரம்பிச்சுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லியோ, ஊர்க்காரன் சம்பந்தப்படுத்தத்தான் செய்வான், நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன். அதுக்கப்புறம் யாரு வந்து கேட்டாலும் அந்த ஊர்ல வாய் தொறக்க ஆளில்ல. படிச்சவங்க இத 'மீனவர்கள் தகவல் பகிர முன்வருவதில்லை'ன்னு எழுதுவாங்க. என்ன நியாயம் இது? குடுத்தவனுக்கு காவல் இல்லாத எடத்துல எவன் குடுப்பான்?

நான் கேக்கறது ரொம்ப சின்ன விதிதான். புள்ளி ஊர்லயே இருக்கட்டும், ஊர்க்கமிட்டி பூட்டுல. வெளிய போறது பெரிய பெரிய சதுரமா போகட்டும், இந்த சதுரத்துக்குள்ள இத்தன பார், இன்ன வகைன்னு. ஆராய்ச்சிக்கு அது போதாதுன்னா வந்து பேசட்டும், ஏன் போதாதுன்னு சொல்லட்டும், எழுதி வாங்கிட்டு குடுப்போம். அறிக்கை அச்சாகும் முன்னாடி தமிழ்ல ஊர்ல வாசிக்கணும், தப்பா எழுதியிருந்தா திருத்தற உரிமை எங்களுக்கு வேணும். ஒருத்தர் வேலை மாறிப் போனா அடுத்தவர் யாருன்னு ஊருக்கு தெரியணும்.

எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா, அமெரிக்கா, 2009ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண். காடு, மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்புடி எடம்னு பொதுச் சொத்த சனங்களே காலங்காலமா எப்படி காப்பாத்தி வச்சிருக்காங்கன்னு உலகம் பூரா இருந்து விவரம் சேத்து எழுதுனவங்க. விதியால பாதிக்கப்படுறவன் விதிய மாத்தறதுல பங்கு வச்சிருக்கணும், கண்காணிக்கறவன் அந்த சனத்துக்கு பதில் சொல்ற ஆளா இருக்கணும், முதல் தப்புக்கு சின்ன தண்டனையில ஆரம்பிக்கணும், சண்ட வந்தா செலவில்லாம பக்கத்துலயே தீக்கற எடம் வேணும், சின்ன அமைப்பு பெரிய அமைப்புக்குள்ள அடுக்கடுக்கா பொருந்தணும்னு அவங்க கண்டத நான் படிச்சப்ப, இது எங்க கரைமடி, அதாவது கரையில நின்னு இழுக்கற வலையோட முறைதானேன்னு தோணுச்சு. கரைமடிக்கு யாரு முதல்ல வலை வளைக்கணும், அடுத்தது யாருன்னு ஊர்ல முறை போட்டு வச்சிருப்பாங்க, மீறுனா ஊர்க்கமிட்டியில பேச்சு, அதுக்கப்புறம்தான் அபராதம். ஞாயித்துக்கிழமை கடலுக்கு போகாத கட்டுப்பாடும் அப்படித்தான், போலீஸ் வந்து காக்கறதில்ல. எங்க சனத்துக்கு விதி போடவும் தெரியும், காக்கவும் தெரியும். மேசையில உக்காரும்போது மட்டும் எங்கள 'பயனாளி'ன்னு ஒரு ஓரத்துல எழுதிடறாங்க.

வானிலை விஷயத்துல முன்னேற்றம் இல்லன்னு சொல்லமாட்டேன். இன்காய்ஸ் விவரத்த எடுத்து மொபைல்ல மீனவனுக்கு அவன் மொழியில குடுக்கற ஃபிஷர் ஃபிரண்ட் ஆப் வந்துச்சு, அதுல சுவாமிநாதன் நிறுவனமும் குவால்காமும் சேந்து வேலை செஞ்சிருக்காங்க. ஒக்கிக்கு அப்புறம் 2019 அக்டோபர்ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, ககன் செயற்கைக்கோள் வழியா ஆழ்கடல்ல இருக்கறவனுக்கும் எச்சரிக்கை போகும், புளூடூத்ல மொபைல்ல படிச்சுக்கலாம். நல்ல காரியம். ஆனா அது ஒருவழி. கடல்ல இருக்கறவன் 'இங்க காத்து நீ சொன்னத விட பலமா இருக்கு'ன்னு திருப்பி சொல்ல முடியாது. முன்னறிவிப்பு செய்யறவங்களுக்கு நடுக்கடல்ல நிக்கற நூறு படகோட கண்ணு எவ்வளவு பெரிய விஷயம், அத வாங்கிக்க வழி வைக்கலியேன்னு எனக்கு அப்ப ரொம்ப ஆதங்கம்.

2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில போயிட்டாங்க. அந்த நாட்கள்ல கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்ல கெளம்புன அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நாள் கணக்குல பயணம் பண்ணி, இங்க காத்தே இல்லாத வெயில் நாள்ல கரையேறும். கடல்புறத்து ஆளுக்கு வந்து சேந்த செய்தி, ஊர் சுத்திப் பாக்க வந்த பிள்ளைங்களுக்கு யாரு வழியா வந்து சேரணும்? சுற்றுலாத் துறையா, பஞ்சாயத்தா, லாட்ஜ்காரரா, போலீசா? எல்லாருக்கும் கொஞ்சம் பொறுப்பு இருந்தா யாருக்கும் பொறுப்பு இல்லாம போயிடுது. அந்தப் பிள்ளைங்களோட பெத்தவங்கள நெனச்சா எனக்கு இத சும்மா விட மனசு வரல.

இப்ப படகுக்கு டிரான்ஸ்பாண்டர் குடுத்துட்டு வாறாங்க, இது ரெண்டு வழியும் செய்தி போகும், ஆபத்துன்னா பட்டன் அமுக்கலாம். நான் கேட்டு அலையற கேள்விக்கு இதுலதான் பதில் வரணும். சங்கத்துக்காரங்க யாராவது இத படிச்சா உங்க ஊர்ல கருவி மாட்ட வாறவங்க கிட்ட தயவுசெஞ்சு கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நடுக்கடல்ல ஒருத்தன் பட்டன் அமுக்குனா எந்த அறையில எந்த ஆள் அத பாப்பாரு, அவருக்கு தமிழ் தெரியுமா, அவரு அடுத்த போன் யாருக்கு போடுவாரு, பங்குக்கும் சங்கத்துக்கும் எத்தன நிமிஷத்துல சொல்லுவாங்க, படகு கொச்சியில இருந்து போயிருந்தா எந்த மாநிலம் எடுக்கும். எங்க எங்க போனான், எங்க எங்க வலை போட்டான்ங்கற விவரம் அதுல பதிவாகுமே, அத யாரு பாக்கலாம், எத்தன நாள் வச்சிருப்பாங்க, பார் இருக்கற எடம் வெளிய போகாதுன்னு யாரு எழுதித் தருவாங்க. வாய்ல சொன்னா கேட்டுக்காதீங்க, பேரு, பதவி, போன் நம்பரோட ஒரு தாள்ல வாங்குங்க. வாங்கினத கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க, கிழக்க இருந்து மேக்க நீரோடி வரைக்கும் எந்த ஊருக்கு என்ன பதில் வந்திருக்குன்னு நான் ஒரே தாள்ல சேத்து எழுதி எல்லா ஊருக்கும் திருப்பி அனுப்பறேன்.